குடும்ப வரலாற்று ஆய்வில் தேர்ச்சி பெற எந்த வழி: படிப்பா, குழுவா, தன்முயற்சியா?

"வம்சாவளி மரத்தில் நான்கு தலைமுறை வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் நகரவில்லை. ஏதாவது படிப்பில் சேரலாமா?" இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் பல்கலைக்கழகச் சான்றிதழ் பயன் தருமா என்கிறார். இன்னொருவர் டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டால் போதுமா என்கிறார். பணம் கொடுத்து ஒரு தொழில்முறை ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எந்த வேலையில் தமக்குக் கை வரவில்லை என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் வழி சொல்ல முடியாது.

என் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு "இதற்குச் சான்று எங்கே?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் எந்த வழியில் கிடைப்பார், அவருக்காக என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை வைத்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

எந்தத் திறமை குறைகிறது? இதற்கு ஒரு சோதனை உண்டு. உங்கள் மரத்தின் மிகப் பழைய தலைமுறையில் ஒரே ஓர் உறவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னார் இன்னாரின் மகன் என்று நீங்கள் நம்புவது ஏன் என்பதை, உங்கள் குடும்பத்தை அறியாத ஒருவருக்கு விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கையில் ஆவணமே இல்லை என்றால் உங்கள் குறை தேடுதலில். ஆவணம் இருந்தும் அந்தக் காலத்துக் கையெழுத்து பிடிபடவில்லை என்றால் வாசித்தலில். இரண்டு ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரணாக நின்று, எதை நம்புவது என்று தெரியாமல் விழித்தால் எடைபோடுதலில். எல்லாம் தெரிந்தும் பத்தி பத்தியாக எழுத வரவில்லை என்றால் எழுதுதலில்.

"இணையத்தில் வேறொருவரின் மரத்தில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்" என்பதே உங்கள் விடை என்றால், எந்தப் படிப்பிலும் சேர்வதற்கு முன் அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

எது போதுமான சான்று என்பதற்கு இந்தத் துறையில் ஓர் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு உண்டு. 1964இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் அதை ஐந்து கூறுகளாகச் சொல்கிறது: நியாயமாகத் தேடக்கூடிய இடங்களிலெல்லாம் தேடியிருக்க வேண்டும், ஒவ்வொரு தகவலுக்கும் முழுமையான ஆதாரக் குறிப்பு வேண்டும், கிடைத்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்திருக்க வேண்டும், முரண்கள் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும், முடிவைத் தர்க்கத்தோடு எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவோடு உங்களுக்கு ஒட்டும் உறவும் இல்லாவிட்டாலும் இந்த ஐந்தும் பொருந்தும். பலர் தடுமாறுவது நான்காவதில்.

யார் திருத்துகிறார்கள்? திருத்தம் வருகிறதா, எவ்வளவு விரைவில் வருகிறது, திருத்துபவருக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் முன்னோரின் மண்ணுக்குப் பொருந்துமா? ஆய்வு முறை எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். ஆவணங்கள் அப்படி இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1ஆம் தேதி. பக்கத்தில் இருக்கும் ஸ்காட்லாந்தில் 1855இல். ஸ்காட்லாந்தின் இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயர் கேட்கப்பட்டது. அதே காலத்து இங்கிலாந்துப் பதிவில் அதற்கு இடம் இல்லை. ஒரே தீவுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு என்றால், ஒரு நாட்டின் ஆவணங்களை வைத்து நடத்தப்படும் பாடம் இன்னொரு நாட்டுக்காரருக்கு முறையைக் கற்றுத்தருமே தவிர, எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லாது.

மறைசெலவு என்ன? கட்டணம் கண்ணுக்குத் தெரியும். தளச் சந்தாக்கள், நகல் கட்டணம், மாதக்கணக்கில் நின்றுபோகும் சொந்தக் குடும்ப ஆய்வு, உறவினரிடையே எழும் சங்கடம் ஆகியவை பின்னால்தான் தெரியும்.

கெடு உண்டா? குடும்ப வரலாறு அவசரமில்லாத வேலை. அதனால்தான் கெடு வைப்பவர் யாரும் இல்லாவிட்டால் பலருக்கு அது நகர்வதே இல்லை.

## ஒரு பார்வையில்

| வழி | அதிகம் வளர்வது | திருத்துபவர் | மறைசெலவு | கெடு |
|---|---|---|---|---|
| தன்முயற்சி | தேடுதல் | யாருமில்லை | சந்தாக்கள், உறுதிப்பட்டுவிடும் தவறுகள் | இல்லை |
| பல்கலைக்கழகப் படிப்பு | எடைபோடுதல், எழுதுதல் | ஆசிரியர் | சொந்த ஆய்வு நிற்கும் | கடுமையானது |
| படிப்புக் குழு | எடைபோடுதல், எழுதுதல் | சக மாணவர்கள், சில குழுக்களில் வழிகாட்டி | பிறர் எழுதியதைத் திருத்தும் நேரம் | மாதந்தோறும் |
| ஆவணப் படியெடுப்புத் தன்னார்வப் பணி | வாசித்தல், தேடுதல் | திட்டத்தைப் பொறுத்தது | சலிப்பு | இல்லை |
| தொழில்முறை ஆய்வாளர் | நீங்கள் கேட்டு வாங்குவதைப் பொறுத்தது | அவரே | "கிடைக்கவில்லை" என்பதற்கும் கட்டணம் | இல்லை |
| டிஎன்ஏ | எடைபோடுதலின் ஒரு பகுதி | மரபணுத் தரவு | அந்தரங்கம், குடும்ப ரகசியங்கள் | இல்லை |

## தன்முயற்சி: இலவசம், அதனாலேயே ஆபத்து

கருவிகளுக்குப் பஞ்சமில்லாத காலம் இது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவணத் தளத்தை நடத்தும் பிந்தைய நாள் புனிதர்களின் திருச்சபை 1938 முதல் உலகெங்கும் ஆவணங்களை நுண்படச் சுருளில் பதிவு செய்துவந்தது. அந்த 24 லட்சம் சுருள்களையும் கணினிப் படிமங்களாக்கும் வேலை 2021இல் முடிந்தது. தளத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. எந்த நாட்டில் எந்த ஆவணம் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று சொல்லும் விக்கி ஒன்றும் அங்கேயே இருக்கிறது. பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 1500 முதல் 1800 வரையிலான ஆவணங்களைக் கொண்டு ஓர் இலவசப் பயிற்சியை இணையத்தில் வைத்திருக்கிறது. ஜெர்மன், லத்தீன் போன்ற பிற மொழிக் கையெழுத்துகளுக்கு பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் இலவசப் பயிற்சிப் பக்கங்கள் உள்ளன. சொந்தக் குடும்பத்தையே தேடுவதால் ஆர்வமும் குறையாது.

குறை என்னவென்றால், நீங்கள் தவறு செய்யும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். தவறு அங்கேயே உட்கார்ந்து, அதன் மேல் மூன்று தலைமுறை கட்டப்பட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஒரு தேவாலயப் பதிவேட்டில் ஒரு தம்பதிக்கு 1720 ஜூனில் திருமணம் நடந்ததாகவும், அவர்களின் குழந்தைக்கு 1720 பிப்ரவரியில் திருமுழுக்கு நடந்ததாகவும் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை திருமணத்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் இது வேறு தம்பதி என்று தள்ளிவிட்டு, வேறு யாரையோ பெற்றோராக்குவார். இரண்டும் தவறு. 1752க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25ஆம் தேதி. ஆகவே அந்த "1720 பிப்ரவரி" நம் கணக்கில் 1721 பிப்ரவரி. திருமணம் முடிந்து எட்டு மாதம். இதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் ஒரு தவறான எள்ளுப்பாட்டன் உங்கள் மரத்தில் குடியேறுவார்; அங்கிருந்து பிறரின் மரங்களுக்கும் பரவுவார். நூறு மரங்களில் ஒரே தகவல் இருப்பதைப் பார்க்கும் புதியவர் நூறு சாட்சிகள் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அது ஒரே சாட்சியின் நூறு நகல்.

தன்முயற்சியை உண்மையான பயிற்சியாக்க மூன்று பழக்கங்கள் போதும் என்பது என் கருத்து. முதலாவது தேடல் குறிப்பேடு. எந்தக் காப்பகத்தில், எந்த ஏட்டில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடினீர்கள் என்று குறிக்க வேண்டும். முக்கியமாக, எங்கே கிடைக்கவில்லை என்று குறிக்க வேண்டும். வரி கட்டியவர் பட்டியலில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று காணாமல் போவதே இறப்பையோ இடப்பெயர்வையோ காட்டும் சான்றாக முடியும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஆவணத்திலும் "இதை யார் சொன்னார்?" என்று கேட்பது. ஓர் இறப்புச் சான்றிதழில் இறந்த தேதியைச் சொன்னவர் பெரும்பாலும் அருகில் இருந்தவர். அதே காகிதத்தில் உள்ள பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் அவர் காதால் கேட்டவை. ஒரே தாளில் இரண்டு தரத்துத் தகவல்கள். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி முரண்கள் தாமாகவே அவிழும்.

மூன்றாவது, பிறர் எழுதிய நல்ல ஆய்வுகளைப் படிப்பது. அமெரிக்காவின் தேசிய வம்சாவளிச் சங்கம் 1912 முதல் வெளியிட்டுவரும் காலாண்டிதழில் நேரடிச் சான்று எதுவுமில்லாமல் ஓர் உறவை எப்படி நிறுவுவது என்பதைக் காட்டும் கட்டுரைகள் வருகின்றன. கதை போல வேகமாகப் படித்தால் ஒன்றும் ஒட்டாது. அடிக்குறிப்புகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எப்போது இது சிறந்தது: குறை தேடுதலில் இருக்கும்போது, முன்னோரின் ஆவணங்கள் பெரும்பாலும் இணையத்திலேயே இருக்கும்போது, தன்னைத் தானே சந்தேகிக்கும் குணம் இயல்பாகவே உங்களிடம் இருக்கும்போது. கடைசியாகச் சொன்னது மற்ற இரண்டையும்விட அரிது.

## பல்கலைக்கழகப் படிப்பு: கெடுவும் மதிப்பெண்ணும்

கிளாஸ்கோவில் உள்ள ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் வம்சாவளி, தொல்லெழுத்து, குலச்சின்னவியல் ஆகியவற்றைச் சேர்த்து முதுநிலைச் சான்றிதழ், பட்டயம், முதுகலைப் பட்டம் என்று படிப்படியாக, இணையவழியில் நடத்துகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் குடும்ப வரலாற்றுக்கென்றே ஒரு பட்டயப் படிப்பை உருவாக்கியது. இப்படிப்பட்ட படிப்புகளின் பலம் பாடக் குறிப்புகளில் இல்லை; அவற்றில் பெரும்பகுதியை வேறு இடங்களிலும் படித்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய ஆய்வை ஒருவர் உட்கார்ந்து படித்து, இந்த வரிக்கு ஆதாரம் போதாது என்று பக்க ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறார். அதற்குத்தான் கட்டணம்.

மறைசெலவுகள் சில உண்டு. பகுதிநேரம் என்று எழுதியிருந்தாலும் வார இறுதிகள் போய்விடும். கொடுக்கப்படும் பணி பெரும்பாலும் உங்கள் குடும்பத்தைப் பற்றியதாக இருக்காது. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது நன்மையாகவே படுகிறது. சொந்தக் கொள்ளுத்தாத்தா மேல் உள்ள பாசம் அந்நியரின் கொள்ளுத்தாத்தா மேல் இருக்காது, கண் தெளிவாக இருக்கும். பாடத்துக்குத் தேவையான ஆவணத் தளங்களின் சந்தா கட்டணத்தில் அடங்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். திருத்திய தாள் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதையும் கேளுங்கள். பல மாதம் கழித்து வரும் திருத்தம் சான்றிதழுக்கு உதவும், கற்றலுக்கு உதவாது.

இடப்பொருத்தம் இங்கே பெரிய கேள்வி. பாடத்திட்டத்தில் எந்த நாடுகளின் ஆவணங்கள் இடம்பெறுகின்றன என்று பாருங்கள். உங்கள் நாடு அதில் இல்லையென்றால், நீங்கள் வாங்குவது முறையை மட்டும்தான் என்று தெரிந்தே வாங்குங்கள்.

எப்போது இது சிறந்தது: எழுதுதலும் எடைபோடுதலும் குறையாக இருந்து, கெடு இல்லாமல் வேலை நடக்காதவராகவும் இருந்தால், பின்னாளில் இதைத் தொழிலாக்கும் எண்ணம் இருந்தால். நான்காம் தலைமுறையில் நிற்கும் ஒரே ஒரு புதிரை அவிழ்ப்பதற்காக மட்டும் பட்டப்படிப்பில் சேர்வது வீண் செலவு.

## படிப்புக் குழு: என் முதல் பரிந்துரை

சங்கம் வேறு, படிப்புக் குழு வேறு. 1911இல் லண்டனில் தொடங்கப்பட்ட வம்சாவளியாளர் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் நூலகம், சொற்பொழிவு, உறுப்பினர் சலுகை என்று பலவற்றைத் தருகின்றன. உறுப்பினர் அட்டை வாங்கியதால் மட்டும் யாருடைய ஆய்வும் கூர்மையடைந்துவிடாது. படிப்புக் குழு என்பது சிலர் சேர்ந்து, மாதம் ஒரு பணியைச் செய்து, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் திருத்துவது. புரோஜென் என்ற இணையவழித் திட்டம் இந்த முறையில்தான் நடக்கிறது: மாதாந்தரப் பணி, சக உறுப்பினர்களின் திருத்தம், வழிநடத்த அனுபவமுள்ள ஒருவர். மேலே சொன்ன காலாண்டிதழின் ஒரு கட்டுரையை மாதந்தோறும் எடுத்து அலசும் குழுக்களும் உண்டு.

இதில் கற்றல் இரட்டிப்பு. உங்கள் தாள் திருத்தப்படுவது ஒன்று. பிறர் தாளைத் திருத்தும்போது, அவர் விட்ட ஓட்டை உங்கள் தாளிலும் இருப்பது சட்டென்று உறைக்கும், அதுதான் பெரியது. பிறருக்காகச் செலவாகும் நேரத்தை மறைசெலவு என்று அட்டவணையில் எழுதியிருக்கிறேன். உண்மையில் அதுதான் பாடம்.

ஆனால் குழுவுக்குக் குழு தரம் வேறுபடும். எல்லோரும் எல்லோரையும் பாராட்டிக்கொண்டே இருக்கும் குழுவில் ஆண்டுகள் ஓடும், ஒன்றும் நடக்காது. சேர்வதற்கு முன், முந்தைய மாதப் பணி ஒன்றையும் அதற்கு வந்த திருத்தங்களையும் காட்டச் சொல்லுங்கள். "அருமை" என்ற சொல்தான் அதிகம் தென்படுகிறது என்றால் வேறு குழு தேடுங்கள். எல்லோரும் ஒரே அளவு தொடக்கநிலையில் இருக்கும் குழுவும் வேண்டாம். ஒருவராவது இரண்டு படி மேலே இருக்க வேண்டும்.

பொருத்தமான குழு கிடைக்காவிட்டால் மூன்று பேர் சேர்ந்து தொடங்கலாம். மாதம் ஒரு பக்கம், ஓர் உறவு, முழு ஆதாரக் குறிப்புகளோடு. திருத்துபவர் குறைந்தது ஒரு எதிர்க்கேள்வியாவது எழுப்பியாக வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். முன்னோர் ஒரே பகுதியைச் சேர்ந்தவர்களாக இருந்தால் ஆவண அறிவும் பகிர்ந்துகொள்ளப்படும்.

எப்போது இது சிறந்தது: ஓரளவு அனுபவம் இருந்து, தேங்கிப்போய் நிற்பவர்களுக்கு. முற்றிலும் புதியவர்கள் கொஞ்ச காலம் தனியாகத் தேடிப் பழகிவிட்டு வருவது நல்லது. விமர்சனத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது.

## படியெடுப்புப் பணி: பலர் கண்ணில் படாத பள்ளிக்கூடம்

பழைய பதிவேடுகளைப் படித்து, பெயரையும் தேதியையும் கணினியில் ஏற்றும் தன்னார்வப் பணியைப் பொதுச் சேவையாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். கற்கும் வழியாகப் பார்ப்பவர்கள் குறைவு. வாசித்தல் உங்கள் குறை என்றால், இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் அரசுப் பதிவுகளின் அட்டவணையை எழுத்தேற்றும் ஃப்ரீபிஎம்டி திட்டம் 1998 முதல் நடக்கிறது. அமெரிக்காவின் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2012 ஏப்ரலில் வெளியானபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சில மாதங்களிலேயே அதற்குப் பெயர் அட்டவணை தயாரித்தார்கள். நாஜி ஆட்சியில் கொடுமைக்குள்ளானவர்களின் பெயர்களைப் பதிவு செய்ய ஜெர்மனியின் அரோல்சன் காப்பகம் 2020இல் தொடங்கிய திட்டத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம்.

சொந்த முன்னோரைத் தேடும்போது ஒரு பதிவேட்டில் ஒரு வரியைத்தான் படிக்கிறோம். படியெடுக்கும்போது ஒரே எழுத்தர் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகள் கண்ணில் படுகின்றன. அவருடைய எழுத்தின் சுழிப்பு, சுருக்கக் குறிகள், அவசரத்தில் அவர் விடும் எழுத்துகள் எல்லாம் பழகிவிடுகின்றன. அதைவிட முக்கியம், அந்தக் காலத்தில் எது வழக்கம், எது விதிவிலக்கு என்பது தெரியவருகிறது. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது ஒரு பதிவேட்டில் பத்து முறை கண்ணில் பட்டுவிட்டால், உங்கள் மரத்தில் ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருப்பதைப் பார்த்து இனித் திகைக்க மாட்டீர்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. அட்டவணைகள் எப்படித் தவறாகின்றன என்பதை உள்ளிருந்து பார்க்கிறீர்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் நீள வடிவ எஸ் எழுத்து எஃப் போலத் தெரியும். அதனால் "ராஸ்" என்ற குடும்பப்பெயர் அட்டவணையில் "ராஃப்ஸ்" என்று ஏறிவிடும். பெரிய எழுத்து எல்லும் எஸ்ஸும் பல கைகளில் ஒன்றுபோல இருக்கும். இதை அறிந்தவர், பெயர் கிடைக்கவில்லை என்றதும் ஆவணம் இல்லை என்று முடிவுகட்ட மாட்டார். தவறான எழுத்துக்கூட்டலிலும் தேடுவார், ஊரையும் வயதையும் மட்டும் கொடுத்துத் தேடுவார். ஆக, வாசிக்கப் பழகப் போனவருக்குத் தேடுதலும் சேர்ந்தே வளர்கிறது.

திருத்தம் கிடைக்குமா? திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியே படியெடுத்து, வேறுபாடுகளை மூன்றாமவர் தீர்க்கும் முறை ஃபேமிலிசர்ச்சில் நெடுங்காலம் இருந்தது. பின்னர் ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. உங்கள் வாசிப்பில் எவை மாற்றப்பட்டன என்று திரும்பிப் பார்க்க வழியுள்ள திட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

இயந்திரமே கையெழுத்தைப் படிக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022இல் வெளியான அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்புக்கு முதல் அட்டவணையைச் செயற்கை நுண்ணறிவே தயாரித்தது. மனிதர்கள் அதைச் சரிபார்த்தார்கள். 2024இல் ஃபேமிலிசர்ச் இயந்திரம் படித்த ஆவணங்களுக்குள் எந்தச் சொல்லையும் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. இவை தேடலை வெகுவாகச் சுலபமாக்கியிருப்பது உண்மை. ஆனால் இயந்திரம் ஒரு பெயரைத் தவறாகப் படித்தாலும் தயக்கமே இல்லாமல் தெளிவான அச்செழுத்தில் கொடுக்கிறது. மூலத்தைத் தானே படிக்க முடிந்தவருக்குத்தான் அந்தத் தவறு தெரியும்.

மறைசெலவு சலிப்புதான். உங்கள் குடும்பத்தோடு தொடர்பில்லாத பெயர்களை மணிக்கணக்கில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். முன்னோர் வாழ்ந்த வட்டாரத்தின் திட்டம் கிடைத்தால் சலிப்பு பாதியாகும். எடைபோடவும் எழுதவும் இது ஒன்றும் சொல்லித்தராது.

எப்போது இது சிறந்தது: பழைய கையெழுத்தைக் கண்டாலே மிரள்பவர்களுக்கு, பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கு, நீண்ட நேரம் தொடர்ந்து கிடைக்காமல், அவ்வப்போது அரைமணி நேரம் மட்டும் கிடைப்பவர்களுக்கு.

## தொழில்முறை ஆய்வாளர்: ஒப்படைப்பதா, கற்பதா?

வேலையை முழுதாக ஒப்படைத்தால் விடை வரலாம், திறமை வராது. விடையும் உறுதியில்லை. ஆய்வாளர் நேரத்துக்குக் கட்டணம் வாங்குகிறார், முடிவுக்கு அல்ல. பல மணி நேரம் தேடிவிட்டு "இந்த ஏடுகளில் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் அது நேர்மையான வேலைதான், கட்டணமும் நியாயமானதுதான். ஆவணமே இல்லாமல் போயிருக்கலாம். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் ஏற்பட்ட தீயைத் தொடர்ந்து அழிந்தது. 1922இல் டப்ளினில் அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் எரிந்து, நூற்றாண்டுகளின் பதிவுகள் சாம்பலாயின. இத்தகைய இடங்களில் அழிந்ததற்கு ஈடாக எந்த நகல், எந்தச் சுருக்கம், எந்த வரிப் பட்டியல் வேறெங்கே பிழைத்திருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். அயர்லாந்துக்கே 2022இல் அப்படிப் பிழைத்த நகல்களையெல்லாம் திரட்டி ஒரு மெய்நிகர்க் காப்பகம் திறக்கப்பட்டது.

கற்க வேண்டுமென்றால் வேறு மாதிரி கேளுங்கள். பலர் மணிக்கணக்கில் ஆலோசனை மட்டும் தருகிறார்கள். உங்கள் தேடல் குறிப்பேட்டையும், எழுதிய ஒரு பக்கத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, "நீங்களாக இருந்தால் அடுத்து எங்கே பார்ப்பீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். பதிலில் உள்ள "ஏன்" தான் பாடம். முழு ஆய்வை ஒப்படைத்தாலும், தேடிக் கிடைக்காத இடங்களின் பட்டியலும் ஆதாரக் குறிப்புகளும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மரத்தின் படத்தை மட்டும் அழகாக அச்சிட்டுத் தருபவர் ஆய்வாளர் அல்லர்.

எப்போது இது சிறந்தது: ஆவணம் நீங்கள் போக முடியாத ஊரில், இணையத்தில் ஏற்றப்படாமல் இருக்கும்போது, தெரியாத மொழியில் இருக்கும்போது, ஒரே புதிர்தான் பாக்கி, மற்றதெல்லாம் கைவசம் என்னும்போது.

## டிஎன்ஏ: பயிற்சி அல்ல, ஆனாலும்

எல்லோரும் கேட்பதால் சேர்த்திருக்கிறேன். எச்சிலைக் குழாயில் அனுப்பினால் ஆய்வுத் திறமை வளராது. வரும் இன விழுக்காட்டு வரைபடம் பார்க்க நன்றாக இருக்கும்; வம்சாவளி ஆய்வில் அதன் பயன் மிகக் குறைவு. பயனுள்ளது உறவினர் பொருத்தப் பட்டியல். தாத்தா பாட்டி பொதுவாக உள்ள இருவர் சராசரியாகத் தம் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்திருப்பார்கள். எள்ளுத்தாத்தா அளவில்தான் உறவு என்றால் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் கண்டறியத்தக்க பொருத்தம் எதுவுமே இருக்காது. அதனால் உறவு பொய் என்று ஆகிவிடாது. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை மணம் முடித்த குடும்பங்களில் எண்கள் ஊதிப்பெருகி, தூரத்து உறவு கிட்டத்து உறவாகத் தெரியும். இந்த எண்களை ஆவணங்களோடு பொருத்திப் படிக்கப் பழகினால் எடைபோடும் திறமைக்கு அது நல்ல உடற்பயிற்சி.

மறைசெலவு பெரியது. அறியாத அரைச் சகோதரர் ஒருவர் பட்டியலில் முதலாவதாக வந்து நிற்கலாம். அந்த ரகசியம் உங்களுடையது மட்டுமல்ல. தரவின் பாதுகாப்பும் யோசிக்க வேண்டியது. 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பரிசோதனை செய்துகொண்டவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் மிக அதிகம் என்பதால், மற்றவர்களுக்குப் பொருத்தங்கள் குறைவாகவே வரும்.

எப்போது இது சிறந்தது: காகிதத்தில் ஒரு தெளிவான கேள்வி இருந்து, இரண்டு விடைகளில் எது என்று மட்டும் தெரிய வேண்டும் என்னும்போது. அப்போதும் வீட்டிலேயே மூத்தவரைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அவர் ஒரு தலைமுறை முன்னால் இருக்கிறார்.

## மாநாடுகளும் காணொளிகளும்

2011 முதல் சால்ட் லேக் சிட்டியில் நடக்கும் ரூட்ஸ்டெக் என்ற குடும்ப வரலாற்று மாநாட்டின் பல அமர்வுகளை 2021 முதல் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உற்சாகத்துக்கு நல்லது. ஓர் அமர்வைப் பார்த்ததும் அதில் சொன்னதை உங்கள் ஆய்வில் ஒரு முறை செய்துபார்த்த பிறகே அடுத்ததைத் திறப்பது என்று வைத்துக்கொண்டால் பயனும் உண்டு.

## யாருக்கு எது

தொடக்கநிலையில் இருப்பவர் தன்முயற்சியையும் படியெடுப்புப் பணியையும் சேர்த்தே தொடங்கலாம். பணச் செலவு ஏறத்தாழ இல்லை. தேடுதலும் வாசித்தலும் சேர்ந்து வளரும். ஓரளவு தேடத் தெரிந்து, முரண்களில் சிக்கி நிற்பவருக்குப் படிப்புக் குழு. குழுவில் ஓராண்டு இருந்தும் எழுத்து திருந்தவில்லை, அல்லது குழுவே அமையவில்லை என்றால் பல்கலைக்கழகப் படிப்பை யோசிக்கலாம். ஒரே ஓர் அடைபட்ட கதவு மட்டும் என்றால் ஆலோசனை நேரம் ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். பட்டயப் படிப்பின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

இதைத் தொழிலாக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான்றளிப்பு வாரியம் பாடம் நடத்துவதில்லை. நீங்கள் செய்த ஆய்வுகளின் தொகுப்பை வாங்கி, மதிப்பிட்டு, தேறினால் தகுதி வழங்குகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்தப் படிப்பை முடித்தாலும் அந்தத் தகுதி தானாக வந்துவிடாது. எந்தப் படிப்பையும் முடிக்காதவரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பிடுபவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பதை வாரியமே வெளியிட்டிருக்கிறது. கட்டணம் கட்டும் முன் அதைப் பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போடத் தோன்றினால், தாராளமாகத் தள்ளிப்போடலாம்.